ஞாபகமில்லாத மருமகள்கள்: நெடுந்தொடர்களில் எல்லாப் பாத்திரங்களும் ஏன் ஒரே அளவில் வளர்வதில்லை?

வடலி எழுதியது:

எங்கள் அம்மம்மாவுக்கு 82 வயது. சுன்னாகத்தில் எங்களோடுதான் இருக்கிறார். இரவில் தொடர் பார்க்க அமரும்போது அவருக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டமும், என்னுடைய மகன் பாதியில் விட்டுவிட்ட ஒரு கொப்பியும் இருக்கும். தொடரில் யாராவது சபதம் செய்தால் அதை அந்தக் கொப்பியில் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். திகதி, ஆளின் பெயர், சபதம் என்று மூன்று நிரல்கள். நான்காவது நிரலில் அந்தச் சபதம் எப்போது மறக்கப்பட்டது என்று எழுதுவார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். "இவனுடைய கையால் இனி ஒரு மிடறு தண்ணீரும் வாங்க மாட்டாளாம்" என்று ஒரு மருமகளைப் பற்றி எழுதியிருந்த வரிக்கு எதிரே, பதினொரு நாள் கழித்து வந்த திகதியைப் போட்டு, "தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள்" என்று எழுதியிருந்தார். எந்தத் தொடர் என்று நான் சொல்லப்போவதில்லை. எந்தத் தொடராக இருந்தாலும் அந்த வரி பொருந்தும்.

அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. தொடர்களில் ஒரு பாத்திரம் வளர்கிறது, இன்னொரு பாத்திரம் நட்ட இடத்திலேயே நிற்கிறது என்று நாம் அடிக்கடி குறைபடுகிறோம். என்னுடைய எண்ணம் சற்று வேறானது. வளர்கிற பாத்திரங்கள் தமக்கு நேர்ந்ததை ஞாபகம் வைத்திருக்கின்றன; வளராத பாத்திரங்களுக்கு ஞாபகம் கொடுக்கப்படவில்லை. ஒரே வீட்டுக்குள், ஒரே கூடத்தில், ஒரே அவமானத்தைப் பட்ட நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் அது மறுநாளும் வலிக்கிறது. மற்ற மூவரும் குளித்துவிட்டுப் புதுச் சேலையோடு வந்து நிற்கிறார்கள்.

2022 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முதற்பாகம் முடிந்த எதிர்நீச்சல் தொடரை எடுத்துக்கொள்வோம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மருமகள்கள். கதை ஜனனியில்தான் தொடங்குகிறது. ஆனால் ஜனனி துணிவோடும் நியாயத்தோடும் வாசற்படி ஏறியவர். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே துணிவோடும் அதே நியாயத்தோடும் இருந்தார். ஏறுவதற்கு அவருக்குப் படியே வைக்கப்படவில்லை. நந்தினியோ அடுப்படியில் நையாண்டி பேசிக்கொண்டு தொடங்கியவர். அந்த நையாண்டி அடிவாங்குகிறவள் போர்த்திக்கொள்ளும் போர்வை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது, விளங்கியபோது அவருடைய பழைய சிரிப்புகளும் சேர்ந்து கனத்தன. அந்த வீட்டின் பெண்ணான ஆதிரைக்கோ, விருப்பமில்லாத கரிகாலனைக் கட்டிவைத்த வாரங்களில் முழு வீடும் அவரைச் சுற்றியே சுழன்றது. அதன் பிறகு அவர் எப்போதாவது கதவோரம் வந்துபோகிறவராகிவிட்டார். அவ்வளவு பெரிய கொடுமை நேர்ந்த ஒரு பெண் மறுநாட் காலை எப்படி எழும்பினாள் என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. யாரும் காட்டவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஒடியல் எழுதியது:

அந்த நான்காவது நிரல் கதை எழுதுகிறவர்களிடம் இல்லை என்பதுதான் முழுக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அம்மம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். கொப்பி முடிந்தால் அடுத்ததை நான் வாங்கித் தருகிறேன்.


கணக்கு ரீச்சர் எழுதியது:

வடலியின் கருத்தோடு பாதியளவு உடன்படுகிறேன். மறுபாதியைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்கு. கோலங்கள் தொடர் 2003 நவம்பர் முதல் 2009 டிசெம்பர் வரை 1533 பகுதிகள் ஓடியது. விளம்பரத்தை நீக்கி ஒரு பகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 511 மணித்தியாலம் வருகிறது. எங்களுடைய பாடவேளை 40 நிமிடம். ஆகவே 766 பாடவேளைகள். வாரத்துக்கு ஐந்து பாடவேளை என்றால், ஒரு பிள்ளைக்கு நான் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பிக்கும் நேரம் அது. நான்கு ஆண்டுகளில் ஒரு பிள்ளை குரல் உடைந்து, மீசை அரும்பி, என்னோடு வாதாடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நேரம் போதவில்லை என்ற சாட்டை நெடுந்தொடர்க்காரர்கள் சொல்ல முடியாது. இரண்டரை மணித்தியாலப் படத்தில் சுருக்கிக் காட்ட வேண்டியதை விரித்துக் காட்டத்தான் அவர்களுக்கு இவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது.

இனி நான் உடன்படாத பாதி. எல்லோரும் வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு ஒரு பெரியமாமி இருக்கிறார். காணித் தகராறு ஒன்றில் 1988இல் எங்கள் அம்மாவோடு கதைப்பதை நிறுத்தியவர்; இடப்பெயர்வு, திரும்பி வந்தது, பிள்ளைகளின் திருமணம், பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் கடந்தும் அந்த வேலியோரத்து ஒன்றரைப் பரப்புக் காணியைப் பற்றி அதே சொற்களில், அதே மூச்சில் கதைப்பார். அவருக்கு ஞாபகம் இல்லாமற் போகவில்லை, ஞாபகம்தான் அவரை வளர விடவில்லை. ஆகவே வில்லன் மாறவில்லை என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எதிர்நீச்சலின் வில்லன் ஆதி குணசேகரன் மனம் மாறியிருந்தால்தான் நான் ரி.வி.யை நிறுத்தியிருப்பேன்.

என்னை உறுத்துவது வேறு. வளர்ச்சி என்ற பெயரில் பெண் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது மன்னிப்பு. ஆண் தவறு செய்வான், திருந்துவான், திருந்திய அன்றே நல்லவன் ஆவான். அவன் திருந்தியதற்கான விலையை, ஒரே நாளில் எல்லாவற்றையும் மறந்து, பெண் செலுத்துவாள். உங்கள் அம்மம்மாவின் கொப்பியில் உள்ள சபதங்களில் எத்தனை பெண்களுடையவை, எத்தனை ஆண்களுடையவை என்று எண்ணிச் சொல்ல முடியுமா? எண்ணாமலே எனக்குத் தெரியும் போலிருக்கிறது.

மெட்டி ஒலி தொடரை 2002இல் முதன்முறை பார்த்தபோது எனக்கு 14 வயது. சிதம்பரத்தாருக்கு ஐந்து பெண்கள். எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர். சிதம்பரத்தாராக நடித்த டெல்லி குமார் தோளில் துண்டோடு ஒவ்வொரு சம்பந்தி வீட்டுக் கூடத்திலும் கூனிக்குறுகி நிற்கும்போது எங்கள் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். மகள்களில் ஒருத்தியான சரோ படும் பாட்டைக் கண்டு நான் அழுதிருக்கிறேன். 2020இல் ஊரடங்குக் காலத்தில் அதே தொடரைச் சன் ரி.வி. மறுபடியும் போட்டபோது அதே காட்சிகளுக்கு எனக்குக் கோபம் வந்தது. அவருடைய கணவன் மாணிக்கத்தின் மீது வந்த கோபத்தைக் காட்டிலும் சரோவின் மீது வந்த கோபம் பெரிது. பிறகு யோசித்தேன்: பதினெட்டு ஆண்டுகளில் மாறியது நான்தான், சரோ படச்சுருளில் இருக்கிறார், எப்படி மாறுவார்? ஆனால் முதன்முறை ஓடிய அந்த மூன்று ஆண்டுகளிலாவது அவர் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வளர்ந்திருக்கலாம்.


தட்டிவான் எழுதியது:

உள்ளே சிறிது காலம் இருந்தவன் என்ற வகையில் சில விடயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் சென்னையில் படத்தொகுப்புப் படித்துவிட்டு, ஒரு நெடுந்தொடரில் பதினான்கு மாதங்கள் உதவியாளராக வேலை செய்தேன். தொடரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். இப்போது இங்கே கலியாண வீடியோ வெட்டுகிறேன், நித்திரையாவது ஒழுங்காகக் கிடைக்கிறது.

கதாசிரியருக்கு ஞாபகம் இல்லை என்று ஒடியல் எழுதியிருக்கிறார். அது முழு உண்மை அன்று. எங்கள் தொடரில் கதையை ஒருவர் சொல்வார், திரைக்கதையை இன்னொருவர் பிரிப்பார், வசனத்தை மூன்றாமவர் படப்பிடிப்புத் தளத்திலேயே எழுதித் தாள் தாளாகக் கொடுப்பார். மூவருக்கும் ஞாபகம் இருந்தது. மூவருடைய ஞாபகமும் வேறுவேறாக இருந்தது என்பதுதான் சிக்கல். வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு. கைவசம் நான்கு நாளுக்குரிய காட்சிகள் இருந்தால் எல்லோரும் சிரித்துக் கதைப்பார்கள். இரண்டு நாளுக்கு மட்டும் இருந்தால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள். போன ஆண்டு இந்தப் பெண் என்ன சபதம் செய்தாள் என்று அப்படிப்பட்ட நாளில் எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

அடுத்தது கால்ஷீட். எங்கள் தொடரில் இரண்டாவது மருமகளாக நடித்தவருக்கு மாதத்தில் எட்டு நாள்தான் ஒப்பந்தம். நல்ல நடிகை, ஒரு வசனத்தை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டி எது வேண்டும் என்று கேட்பார். ஆனால் அந்த எட்டு நாளில் மாதம் முழுவதற்கும் அவர் வீட்டில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஆகவே ஒரே நாளில் ஐந்து சேலை மாற்றி, ஐந்து வேறு நாட்களுக்குரிய காட்சிகளை எடுப்பார்கள். அவர் இல்லாத நாளில் எடுக்கப்படும் சண்டையில் அவரால் பேச முடியாது அல்லவா? ஆகவே முன்கூட்டியே அவரைப் படிக்கட்டின் பாதியில் நிறுத்தி, அதிர்ச்சியோடு கீழே பார்ப்பதாகவும், கவலையோடு பார்ப்பதாகவும், எதையோ சந்தேகிப்பதாகவும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். என்னுடைய கணினியில் ஒவ்வொரு நடிகருடைய பெயரிலும் ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் அதிர்ச்சி, கவலை, சந்தேகம் என்று உட்கோப்புறைகள். கூடத்தில் வெடித்த சண்டைக்கு இடையிடையே அந்த முகத்தைச் செருகுவது என் வேலை. எதற்கு அதிர்கிறோம் என்று அவருக்கே தெரியாத அதிர்ச்சியை நான் பதினான்கு மாதங்கள் வெட்டி ஒட்டினேன். அந்தப் பாத்திரம் வளரவில்லை என்று பார்த்தவர்கள் குறைபட்டிருப்பார்கள். எப்படி வளரும்? அது படிக்கட்டை விட்டு இறங்கவே இல்லை.

மூன்றாவது, வியாழக்கிழமை. அன்றுதான் முந்திய வாரத்துப் பார்வையாளர் அளவான ரி.ஆர்.பி. வரும். யாருடைய காட்சி ஓடியபோது எண் ஏறியதோ அந்தப் பாத்திரம் அடுத்த வாரம் பேசும், யாருடைய காட்சிக்கு இறங்கியதோ அது கோயிலுக்குப் போய்விடும். இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அளவைக்கருவி இந்திய வீடுகளில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. சுன்னாகத்தில் அம்மம்மா பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த எண் ஏறாது, இறங்காது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணம் முழுவதும் பார்க்கிறது, ஆனால் எந்த மருமகளையும் நம்மால் படிக்கட்டிலிருந்து இறக்கிவிட முடியவில்லை.


பழைய வானொலி எழுதியது:

தம்பி தட்டிவானின் எழுத்தை இரண்டு முறை வாசித்தேன். மிகவும் பயனுள்ள தகவல்கள். நான் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவன். இலங்கை வானொலியில் மக்கள் வங்கியின் ஆதரவில் ஒலிபரப்பான தணியாத தாகம் நாடகத்தைச் சில்லையூர் செல்வராசன் எழுதினார். ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கதை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவருடைய கை. முகம் தெரியாத அந்தப் பாத்திரங்களின் குரலில் களைப்பு ஏறிக்கொண்டு போனதை நாங்கள் காதால் கண்டோம் என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீடுகளில் ஒரே நேரத்தில் அது ஒலிக்கும். நடந்து போகிறவன் ஒரு வசனத்தையும் தவறவிட மாட்டான்.

அதற்காக அந்தக் காலத்தில் எல்லாம் சிறப்பாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நகைச்சுவைத் தொடர்களில் வந்தவர்கள் ஒருபோதும் மாறவில்லை, அவர்கள் மாறியிருந்தால் நாங்கள் சிரித்திருக்க மாட்டோம். மாறாமை சில வகை எழுத்துக்கு உயிர் என்பதைக் கணக்கு ரீச்சரும் சொல்லாமற் சொல்லியிருக்கிறார்.

நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. நடிகர் மாறினால் பாத்திரத்துக்கு என்ன நேர்கிறது? 2023 செப்ரெம்பர் 8ஆம் திகதி, எதிர்நீச்சலில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து காலமானபோது எங்கள் வீட்டில் உறவினர் ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. "இந்தாம்மா ஏய்" என்று அவர் அதட்டும்போது அதில் ஒரு வேடிக்கையும் இருக்கும், சிரித்துக்கொண்டே பயப்பட வேண்டியிருக்கும். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். பார்வையிலேயே அச்சம் தரக்கூடிய நடிகர், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் பழைய குணசேகரன் தன்னை நியாயவான் என்று நம்பிக் கொடுமை செய்தவர். புதியவர் தம்மைக் கொடியவர் என்று அறிந்தே கொடுமை செய்வதுபோல் எனக்குப் பட்டது. நடுவில் அந்த மனிதருக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று கதை எனக்குச் சொல்லவில்லை. இதை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா?


பின்காத்தான் எழுதியது:

ஐயா கேட்ட கேள்விக்காகவே இன்று நித்திரை விழித்து எழுதுகிறேன். என்னுடைய பெயரைப் பார்த்ததும் சிலருக்கு விளங்கியிருக்கும். எங்கள் ஊரில் முத்துமாரி அம்மன் கோயில் நேர்த்திக்காகக் காத்தவராயன் கூத்து ஆடப்படும்போது மூன்று முறை பின்காத்தானாக ஆடியவன் நான்.

தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கூத்து விடிய விடிய நடக்கும். காத்தவராயன் ஒருவன்தான், ஆடுகிறவர்கள் பலர். பிள்ளைக் காத்தானாகச் சிறுவன் ஒருவன் வருவான். வளர்ந்த பிறகு முன்காத்தானை ஒருவர் ஆடுவார். காதலி ஆரியப்பூமாலைக்காகக் கழுமரம் ஏறும் பின்காத்தானை இன்னொருவர் ஆடுவார். எனக்கு முன் ஆடியவர் மெலிந்து உயர்ந்த மனிதர், கணீரென்ற குரல். நான் குட்டை, குரலும் கரகரப்பு. அவர் திரைக்குப் பின்னால் போக, அதே காத்தான் என்று நான் வெளியே வருவேன். சபையில் ஒருவராவது "இவன் யார்?" என்று கேட்டதில்லை. முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார் முன்காத்தானிடம் பட்ட கோபத்தை என்னிடம் காட்டுவார்கள். ஒரு முறை, தாயின் சொல்லைக் கேளாமல் போனாயே என்று ஓர் ஆச்சி எழும்பி நின்று என்னைப் பேசினார். அந்தச் சொல்லைத் தட்டிய காட்சியை ஆடியது நானே அல்லன், இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் வேறொருவர்!

இது ஏன் கூத்தில் நடக்கிறது, தொடரில் நடப்பதில்லை? சனத்துக்குக் கதை முன்பே தெரியும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார். அவர் ஓரத்தில் நின்று தாளம் போட்டபடி முழு இரவையும் வாய்க்குள் வைத்திருப்பார். நாங்கள் பழகும்போது, எனக்குரிய பாட்டை மட்டும் சொல்லித் தந்து அனுப்ப மாட்டார். முன்காத்தான் ஆடுவதைக் கடைசி வரை பார்த்திருக்கச் சொல்வார். "அவன் எந்த இடத்தில் மனம் விட்டானோ அந்த இடத்தில்தான் நீ கால் வைக்க வேண்டும்" என்பார். முகம் மாறலாம், குரல் மாறலாம். மனம் விட்ட இடம் மாறக்கூடாது. தட்டிவான் சொல்கிற மூன்று எழுத்தாளர்களுக்கும் மேலே அப்படி ஓர் அண்ணாவியார் இருந்தால் வேல ராமமூர்த்தி வந்த நாளில் ஐயாவுக்கு அந்தக் கேள்வி எழும்பியிருக்காது.


வடலி எழுதியது:

பின்காத்தான் அண்ணை, "மனம் விட்ட இடம்" என்ற சொல்லுக்கு நன்றி. நான் ஞாபகம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னதை அண்ணாவியார் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்.

அதை வைத்துப் பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரை யோசித்தேன். 2018 முதல் 2023 வரை ஓடிய முதற் கதையைத்தான் சொல்கிறேன். முல்லைக்கு ஜீவாவைப் பேசியிருந்தார்கள். ஜீவா மீனாவை விரும்ப, முல்லையைக் கதிர் கட்டினார். வேண்டாமென்று தொடங்கிய அந்தத் திருமணத்துக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் மெல்ல மெல்ல அறிந்துகொண்டதை அவசரப்படாமல் எழுதியிருந்தார்கள். 2020 டிசெம்பரில் முல்லையாக நடித்த சித்ரா இறந்தார். அதன் பிறகு காவ்யா வந்தார், அவருக்குப் பிறகு லாவண்யா வந்தார். இருவரும் திறமையாகத்தான் நடித்தார்கள். ஆனால் சித்ராவின் முல்லைக்குள், "நான் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக யோசிக்கப்பட்டவள்" என்ற ஒரு சிறு முள் எப்போதும் இருந்தது. கதிர் அன்பாகப் பேசும்போதுகூட ஒரு கணம் தயங்கித்தான் சிரிப்பார். முகம் மாறியபோது அந்தத் தயக்கமும் போய்விட்டது. முள்ளைப் பிடுங்கிய காட்சி ஒன்று இருந்திருந்தால் அது வளர்ச்சி. காட்சி இல்லாமல் முள் மட்டும் காணாமற்போனது.

அதே தொடரில் எதிர்மாறான உதாரணமும் உண்டு. தம்பிமாரை வளர்ப்பதற்காகத் தமக்குப் பிள்ளை வேண்டாம் என்று மூர்த்தியும் தனமும் முதலில் எடுத்த முடிவின் தடம், தனமாக நடித்த சுஜிதாவின் முகத்தில் கடைசி வரை இருந்தது. மற்றவர்களுடைய பிள்ளையைத் தூக்கும்போது அவர் முதலில் தோளில் சாய்க்க மாட்டார். சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு முறை பார்த்த பிறகுதான் அணைப்பார். அப்படித்தான் என் மனத்தில் பதிந்திருக்கிறது. இதை யாரும் வசனமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நடிகை ஐந்து ஆண்டுகள் இருந்ததால், எழுதுகிறவர்கள் மறந்ததை அவருடைய உடல் ஞாபகம் வைத்திருந்தது.

ரீச்சர், நீங்கள் கேட்டபடி எண்ணினேன். இந்தக் கொப்பியில் 61 சபதங்கள் இருக்கின்றன. பெண்களுடையவை 44, அவற்றில் 38 மறக்கப்பட்டுவிட்டன. ஆண்களுடைய 17இல் மறக்கப்பட்டவை நான்கு. ஆண்களுடையவை பெரும்பாலும் பழிவாங்கும் சபதங்கள். அவை மறக்கப்பட்டால் கதை நின்றுவிடும்.


கணக்கு ரீச்சர் எழுதியது:

44இல் 38 என்றால் நூற்றுக்கு 86. என் ஊகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது.

ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கோலங்களின் அபி இந்தக் கணக்குக்குள் வர மாட்டார். கணவன் பாஸ்கர் செய்ததை அபி மறக்கவில்லை. மறக்காமலே கட்டட நிறுவனம் நடத்தினார், தோல்காப்பியனிடம் கடைசி வரை நட்போடு இருந்தார். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டு, அந்தி சாய்ந்தால் வெளியே தலை காட்ட முடியாதிருந்த மாதங்களில், மின்சாரம் இருந்த இரவுகளில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒருத்தி எதையும் மறக்காமல் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள் என்பது எங்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அபிக்கு நேர்ந்த குறை வேறு: அவர் வளர வளர, எதிரே நின்ற அந்தத் தொடரின் வில்லன் ஆதி வளரவில்லை, சத்தம்தான் வளர்ந்தது. ஆயிரமாவது பகுதியைத் தாண்டிய பிறகு முழு வளர்ந்த ஒரு பெண்ணோடு அடம்பிடிக்கிற ஒரு பிள்ளை சண்டை போடுவதுபோல் இருந்தது. வில்லன் மாறத் தேவையில்லை என்று நான் மேலே எழுதியதை இவ்வளவில் திருத்திக்கொள்கிறேன்: அவன் திருந்த வேண்டியதில்லை, ஆனால் எதிரியிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்ளவாவது வேண்டும். என்னுடைய பெரியமாமிகூட இப்போது சட்டத்தரணியை மாற்றிவிட்டார்.


ஒடியல் எழுதியது:

பெரியமாமியின் வழக்கைத் தொடராக எடுத்தால் நான் பார்ப்பேன்.


பழைய வானொலி எழுதியது:

பின்காத்தானின் பதில் எனக்குப் போதுமானது. ஒரு சந்தேகம் மட்டும். அண்ணாவியாருக்கு ஓர் இரவு. தொடருக்கு ஐந்தாறு ஆண்டுகள். ஒருவரால் அவ்வளவையும் வாய்க்குள் வைத்திருக்க முடியுமா? எதிர்நீச்சலும் கோலங்களும் ஒரே இயக்குநரான திருச்செல்வத்தின் படைப்புகள். இரண்டிலும் தலைமைப் பெண்ணை அவர் தெளிவாக வைத்திருக்கிறார், ஓரத்துப் பெண்களில் சிலரைத் தவறவிட்டிருக்கிறார். கவனக்குறைவு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனின் வாய் கொள்ளும் அளவு அவ்வளவுதான் போலும்.


தட்டிவான் எழுதியது:

ஐயா சொல்வது சரி. அதனால்தான் அதை ஒருவருடைய வாயில் விடாமல் தாளில் வைத்திருக்க வேண்டும். எங்கள் தளத்தில் எந்தக் காட்சியில் எந்தச் சேலை, எந்தப் பக்கம் வகிடு, தாலி வெளியே தெரிந்ததா என்று குறித்துவைக்க ஓர் உதவி இயக்குநர் இருந்தார். மூக்குத்தி மாறினால் அன்றைக்கே கூச்சல் எழும். மனம் மாறினால் குறித்துவைக்க ஆள் இல்லை. அந்த உதவி இயக்குநருடைய கொப்பியில் இன்னும் ஒரு நிரல் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், அதற்கு ஒரு சதமும் செலவாகியிராது.


வடலி எழுதியது:

இந்த இழையை நேற்றிரவு அம்மம்மாவுக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பின்காத்தான் அண்ணையின் பகுதி வந்தபோது, அந்தக் காலத்தில் தானும் காத்தானைப் பேசியிருப்பதாகச் சொன்னார். ரி.ஆர்.பி. கணக்கில் தான் இல்லை என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தட்டிவானிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி தந்தார். படிக்கட்டில் நின்ற அந்தப் பிள்ளைக்கு, முகம் மட்டும் வந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தார்களா?


தட்டிவான் எழுதியது:

இல்லை, அம்மம்மா. வந்து நின்ற எட்டு நாளுக்குத்தான் சம்பளம், அதுவும் இரண்டு மூன்று மாதம் பிந்தித்தான் கிடைத்தது. கேட்டுக் கேட்டுக் களைத்து அவர் வேறு தொடருக்குப் போய்விட்டார். இனி இவருக்குப் பதில் இவர் என்று திரையில் ஒரு வரி போட்டோம். புதிதாக வந்தவரை முதல் நாளே படிக்கட்டின் பாதியில்தான் நிறுத்தினார்கள். கோப்புறையின் பெயரை மாற்றியவன் நான்.